மின்னூலகங்களும் பொதுநெறிகளும்: திருவனந்தபுரத் தமிழ்த் தேடலை முன்வைத்துச் சில பட்டறிவுகள்

முன்னுரை

நூலகப் பட்டியல் அட்டைகளைப் புரட்டி நூல் தேடிய காலம் மாறி, கணிப்பொறித் திரையில் நூற்பெயரைத் தட்டெழுதித் தேடும் காலம் வந்துள்ளது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், 2005-இல் ஈழத்து நூல்களுக்கெனத் தோன்றிய நூலகம் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தின் சுவடித் தொகுதி, 2018-இல் நாட்டுக்கு அளிக்கப்பெற்ற இந்திய தேசிய மின்னூலகம் எனப் பல நிறுவனங்கள் இத்துறையில் உழைத்து வருகின்றன. ஒவ்வொன்றும் தன்னளவில் பெரும்பணியே. ஆயினும் ஒரு நூலகம் எழுதி வைத்த குறிப்பை மற்றொரு நூலகத்தின் கணிப்பொறி படித்துணர இயலாத நிலை பல இடங்களில் உள்ளது. அதனால் ஆய்வாளர் ஒவ்வொரு வாயிலாகச் சென்று, ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்க வேண்டியுள்ளது.

மின்னூலகங்கள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கப் பொதுநெறிகள் வேண்டும் என்பது கணிப்பொறியாளர் நெடுநாளாகக் கூறிவரும் கருத்து. அந்நெறிகளுள் முதன்மையான சில, தமிழாசிரியர்கள் மட்டுமே வகுக்கத்தக்கன என்பதே இக்கட்டுரையின் கருத்து. சுவடி ஒப்புநோக்குப் பணிக்காகக் கோடை விடுமுறைகளில் திருவனந்தபுரம் சென்று தம்பானூரில் தங்கி ஆய்ந்த நாள்களில் கண்டறிந்தவற்றை இதற்குச் சான்றாக முன்வைக்கின்றேன்.

திருவனந்தபுரத்தின் தமிழ்ச் செல்வம்

தம்பானூரில் தங்குவதில் ஆய்வாளர்க்கு ஒரு நன்மை உண்டு. தொடர்வண்டி நிலையமும் பேருந்து நிலையமும் அங்கு எதிரெதிரே அமைந்துள்ளன. நாகர்கோயிலிலிருந்து வருபவர் இறங்குமிடமும் காரியவட்டத்துக்குப் பேருந்து ஏறுமிடமும் ஒன்றே. நகர்க்கு வடக்கே காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவனமும் கையெழுத்துச் சுவடி நூலகமும் உள்ளன. தம்பானூருக்குத் தெற்கே, நடந்து செல்லும் தொலைவில், கோட்டைப் பகுதியில் மத்திய ஆவணக் காப்பகம் உள்ளது. ஸ்ரீபத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் எனப்படும் ஓலைத் தொகுதி கேரள அரசின் ஆவணக் காப்பகத் துறையின் பொறுப்பில் உள்ளது. அக்காப்பகக் கட்டடத்தில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டுள்ளது. பாளையத்தில் 1829-ஆம் ஆண்டினதாகிய அரசு மைய நூலகம் உள்ளது.

இவற்றில் தமிழுக்கு என்ன இருக்கிறது என்று வினவுவோர் 1956-ஆம் ஆண்டை நினைவிற் கொள்ள வேண்டும். அவ்வாண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. மக்களும் நிலமும் ஒரு மாநிலத்திற்கு வந்தனர். அவர்தம் முன்னோர் பற்றிய ஆவணங்களுள் பல, பழைய தலைநகரிலேயே தங்கிவிட்டன. நாஞ்சில் நாட்டு வரலாற்றை எழுத முனைவோர் இன்றும் தம்பானூரில் வந்து இறங்குவது இதனாலேயாம்.

சிதறல் ஒரு திசையில் மட்டும் நிகழவில்லை. திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராக விளங்கி, 1926 முதல் சென்னையில் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராய் உழைத்து, 1950-களின் தொடக்கத்தில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திற்குத் தமிழ்ப் பேராசிரியராக மீண்டு வந்தவர் ச. வையாபுரிப்பிள்ளை. அவர் திரட்டிய நூல்தொகுதி இன்று கொல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்தில் உள்ளது. ஆக, திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஒருவரின் ஏடுகளைக் காணக் கொல்கத்தாவுக்கும், நாஞ்சில் நாட்டின் ஓலைகளைக் காணத் திருவனந்தபுரத்திற்கும் செல்ல வேண்டியுள்ளது. பொருள்களை ஓரிடத்தில் சேர்த்தல் இனி இயலாது; தேவையுமில்லை. அவை பற்றிய குறிப்புகளை ஒரு நெறியில் எழுதினால், இருந்த இடத்தில் இருந்தவாறே அவை ஒரு தொகுதியாக இயங்கும்.

இல்லாமையும் கிடையாமையும்

என் மேற்பார்வையில் ஆய்வு செய்த மாணவி ஒருவர் நாஞ்சில் நாட்டுக் கதைப்பாடல் ஒன்றைப் பதிப்பிக்க முற்பட்டார். அவருக்குக் கிடைத்த சுவடி ஒன்றே. வேறு படி உண்டா என்று அச்சிட்ட பட்டியல்களிலும் இணையப் பட்டியல்களிலும் தேடினார். நூற்பெயரை ஏழெட்டு விதமாக எழுதிப் பார்த்தும் விடை கிட்டவில்லை. அச்சுவடியில் கதை திடீரென முடிந்தது. வாழி பாடும் பகுதி இல்லை. அவ்வாறு முடிப்பது அப்பாடல் மரபின் ஓர் உத்தி என்று கருதி, அதனை விளக்கி இரண்டு இயல்கள் எழுதினார். அவர் கண்ட சான்றுக்கு அம்முடிவு பொருந்துவதாகவே இருந்தது.

ஆய்வேடு நிறைவெய்தும் நிலையில், வேறொரு நூலகத்தில் பிறிதொரு சுவடிக்காகக் கட்டு ஒன்றை அவிழ்த்தபோது அதே பாடலின் இரண்டாம் படி வெளிப்பட்டது. அதில் இறுதி ஏடுகள் இருந்தன, வாழியும் இருந்தது. முதற்சுவடி கடைசி ஏடுகளை இழந்த குறைச்சுவடி என்பது அப்போதுதான் விளங்கிற்று. இரண்டு இயல்களும் மீண்டும் எழுதப்பட்டன. உதவித்தொகைக் காலம் முடிந்த பின் ஓராண்டு தம் செலவிலேயே அவர் உழைக்க நேர்ந்தது.

அந்த இரண்டாம் படி பட்டியலில் இடம்பெறாமல் இல்லை. "மொழி: மலையாளம், பொருள்: பாட்டு" என்று அது பதிவாகியிருந்தது. பட்டியலிட்டவர் எழுத்தைக் கண்டு மொழியைக் குறித்திருந்தார். மலையாள எழுத்தில் எழுதிய தமிழ்ப் பாடலைத் தமிழ் என்று குறிக்க அப்பட்டியலில் இடமும் இல்லை. மொழிக்கும் எழுத்துக்கும் சேர்த்து ஒரே கட்டம் இருந்தது. இப்பிழையை ஒருவர் தலையில் சுமத்துவது முறையன்று. படிவம் அவ்வாறு அமைந்தமையின் விளைவு இது. 'இல்லை' என்பதும் 'கிடைக்கவில்லை' என்பதும் ஆய்வில் வெவ்வேறு முடிவுகள். பட்டியல்கள் தம்முள் பேசாதவரை இவ்விரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

எழுத்து வேறு, மொழி வேறு

திருவனந்தபுரத்தில் இச்சிக்கல் பழமையானது. த. கணபதி சாஸ்திரி 1912 முதல் அனந்தசயன வடமொழி நூல்வரிசையில் வெளியிட்ட பாச நாடகங்களின் சுவடி பத்மநாபபுரத்திற்கு அருகிலுள்ள மணலிக்கரையில் கிடைத்தது. நூலின் மொழி வடமொழி. சுவடியின் எழுத்து மலையாளம். கிடைத்த ஊர் இன்று தமிழ்நாட்டில் உள்ளது. அச்சேறிய நகர் கேரளத்தின் தலைநகர். இந்நான்கு செய்திகளும் நான்கு தனிக் கட்டங்களில் எழுதப்பட வேண்டியவை. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் தேடுவோர் வழிதவறுவர்.

தெற்குத் திருவிதாங்கூரில் தமிழும் பழைய மலையாளமும் வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை எனப் பல வரிவடிவங்களில் எழுதப்பட்டன. மொழியே இன்னது என்று துணிய இயலாத நூல்களும் உள. இராமசரிதத்தின் மொழி தமிழா, பழமலையாளமா, இரண்டும் விரவியதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இத்தகைய நூலுக்கு ஒரே மொழியை மட்டும் குறிக்க இடந்தரும் படிவம், ஆய்வாளர் இன்னும் தீர்க்காத வழக்கைத் தானே தீர்த்துவிடுகின்றது. மொழிக் கட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளை ஏற்க வேண்டும். இக்கருத்து யாருடையது என்று குறிக்கவும் இடமிருக்க வேண்டும். கருத்து வேறுபாட்டுக்கு இடந்தருவதும் நல்ல பொதுநெறியின் இலக்கணமே.

பெயரும் தலைப்பெழுத்தும்

திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். 1891-இல் மனோன்மணீயத்தை வெளியிட்ட இவர், திருவிதாங்கூரின் பழைய மன்னர் பற்றியும் திருஞானசம்பந்தர் காலம் பற்றியும் ஆங்கிலத்தில் எழுதினார். தமிழ்ப் பட்டியல்கள் இவரைப் பெ. சுந்தரம் பிள்ளை என்றும், பெ. சுந்தரனார் என்றும், மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை என்றும் குறிக்கின்றன. ஆங்கிலப் பட்டியல்களில் தலைப்பெழுத்து 'பி.' ஆகின்றது. மேலைநாட்டு முறையைப் பின்பற்றிக் குடும்பப்பெயரை முன்னிறுத்தும் பட்டியலில் இவர் 'பிள்ளை' என்னும் சொல்லின்கீழ்ச் சென்று, நூற்றுக்கணக்கான பிள்ளைகளுள் ஒருவராக மறைந்துவிடுகின்றார். இவருடைய தமிழ் நூல்களையும் ஆங்கிலக் கட்டுரைகளையும் ஒருவரே எழுதினார் என்பதைக் கணிப்பொறி அறிய வழியில்லை.

தமிழர் பெயரில் தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தை பெயரையோ ஊர்ப் பெயரையோ குறிக்கும். குடும்பப்பெயர் என்பது நம் வழக்கில் அரிது. இந்நகரின் எழுத்தாளரான நீல. பத்மநாபன் பெயரில் புள்ளி விடுபட்டால் 'நீல' என்பது அவருடைய பெயரின் பகுதியாகிவிடுகின்றது. எனவே ஓர் ஆசிரியரின் எல்லாப் பெயர்வடிவங்களையும் திரட்டி, அவற்றை ஓர் அடையாள எண்ணின்கீழ் நிறுத்த வேண்டும். உலகப் பெருநூலகங்கள் 2003 முதல் வளர்த்துவரும் வையாஃப் என்னும் பொதுப்பெயர்க் கோப்பு இவ்வகையில் அமைந்தது. தமிழ்ப் பெயர்களைப் பொறுத்தவரை, எந்த வடிவம் எவருடையது என்று துணிந்து கூறும் அறிவு தமிழ் இலக்கிய வரலாறு கற்றவரிடமே உள்ளது.

ஊர்ப்பெயருக்கும் இது பொருந்தும். திருவனந்தபுரம், திருவநந்தபுரம், அனந்தசயனம், ட்ரிவேண்ட்ரம் ஆகிய நான்கும் பதிப்பிடமாகப் பழைய நூல்களில் காணப்படும் ஒரே நகர். பயணச்சீட்டில் 'திருவனந்தபுரம் சென்ட்ரல்' என்று உள்ள நிலையத்தை ஊரார் 'தம்பானூர்' என்கின்றனர். மனிதர் இரண்டையும் அறிவர். கணிப்பொறிக்கு யாரேனும் சொல்லித்தர வேண்டும்.

ஆண்டுக் குறிப்பு

பழைய தமிழ் நூல்களின் முகப்பில் 'விய வருடம்' என்றோ 'சர்வசித்து வருடம்' என்றோ மட்டும் இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். விய என்பது 1886-இலும் வரும், 1946-இலும் வரும். கிறித்தவ ஆண்டு ஒன்றையே ஏற்கும் படிவத்தில் பட்டியலிடுவோர் ஒன்றைத் தாமே தெரிந்து எழுதுவர். அறுபது ஆண்டுப் பிழை அங்கே நுழையும். திருவிதாங்கூர் நூல்களிலும் ஆவணங்களிலும் கொல்லம் ஆண்டு வழங்கிற்று. அது ஆகஸ்டு மாத நடுவில் தொடங்குவது. கொல்லம் 1067 என்பது 1891 ஆகஸ்டு முதல் 1892 ஆகஸ்டு வரை நீளும். மாதம் தெரியாதபோது 824-ஐக் கூட்டுவதா 825-ஐக் கூட்டுவதா என்பது ஐயத்துக்குரியது.

மூலத்தில் உள்ளதை உள்ளவாறே ஒரு கட்டத்திலும், அதனைக் கணக்கிட்டுப் பெற்ற கிறித்தவ ஆண்டின் தொடக்கத்தையும் முடிவையும் வேறு கட்டங்களிலும் எழுதுவதே இதற்குத் தீர்வு. அவ்வாறு செய்யின், பின்வருவோர் கணக்கைச் சரிபார்க்கலாம். கணிப்பொறியும் கால வரிசைப்படுத்தலாம்.

எழுத்துக் குறியேற்றம்

ஒரு காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றம் இருந்தமையால், ஒருவர் அனுப்பிய தமிழ்க் கோப்பு மற்றவர்க்குக் குறிகளின் குவியலாகத் தோன்றிற்று. டிஸ்கி, தாப், தாம் ஆகியவை பரவியிருந்த 1990-களின் இறுதியை மூத்த ஆய்வாளர் மறந்திரார். மதுரைத் திட்டம் தன் நூல்களை டிஸ்கியிலும் பின்னர் ஒருங்குறியிலும் மாற்றி வெளியிட்டதனால் அவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் ஏற்றது.

ஆயினும் ஒருங்குறிக்குள்ளும் சில நுட்பங்கள் உள. 'கொ' என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. தேடலில் இரண்டும் வேறாகலாம். 'ஔ' என்னும் எழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுவோர் உளர். 'ஸ்ரீ' என்பதற்கும் இரு குறிவரிசைகள் உண்டு. ஸ்ரீபத்மநாபசுவாமி கோயில் ஆவணங்களைத் தேடுவோர்க்கு இஃது ஒரு சிறு செய்தியன்று. நில ஆவணங்களிலும் கோயிற் கணக்குகளிலும் வரும் மா, காணி, முந்திரி முதலிய பின்னக் குறிகள் 2019-இல்தான் ஒருங்குறியில் இடம்பெற்றன. அதற்கு முன் பெயர்த்தெழுதியவர்கள் அவற்றைத் தத்தம் வழியில் எழுதினர். ஆகவே பதிவேற்றும் முன் எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொணரும் வழக்கத்தை எல்லா நூலகங்களும் மேற்கொள்ளுதல் வேண்டும்.

பொதுநெறியின் இயல்பு

நூலைப் பற்றிய குறிப்பை 'மீத்தரவு' என்பர். 1995-இல் அமெரிக்காவின் டப்ளின் நகரில் கூடிய அறிஞர்கள் தலைப்பு, ஆக்கியோன், நாள், மொழி முதலிய சில அடிப்படைக் கூறுகளை வகுத்தனர். பின்னர்ப் பதினைந்தாக நிலைபெற்ற அத்தொகுதியை டப்ளின் கோர் என்பர். 1999-இல் சாந்தா பே நகரில் தொடங்கிய திறந்த ஆவணக முன்முயற்சி, ஒரு நூலகத்தின் மீத்தரவை மற்றொரு நூலகம் தானே திரட்டிக்கொள்ளும் நெறியை உருவாக்கிற்று. 2011-இல் தொடங்கிய ட்ரிபிள் ஐ எஃப் நெறி, வெவ்வேறு நூலகங்களிலுள்ள ஏட்டுப் படங்களை ஒரே திரையில் அருகருகே காண வழிசெய்கின்றது. சுவடி ஒப்புநோக்குவோர்க்கு இதனினும் பெரிய கொடை வேறில்லை.

இந்நெறிகளின் பயனை இருப்புப்பாதை வரலாறு கொண்டு விளக்கலாம். 1931-இல் தம்பானூரில் நிலையம் அமைந்தபோது அங்கிருந்து கொல்லம் வழியாகச் செங்கோட்டைக்குச் சென்றது மீட்டர் பாதை. 1976-இல் எர்ணாகுளம் முதல் திருவனந்தபுரம் வரை அகலப்பாதையாயிற்று. செங்கோட்டைப் பாதை மட்டும் மீட்டர் பாதையாகவே நின்றது. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், மலை கடந்து வந்தவர் கொல்லத்தில் இறங்கி, மூட்டைகளுடன் வேறு வண்டி ஏற வேண்டியதாயிற்று. இரு பாதைகளும் ஒரே நிலையத்தை அடைந்தும், ஒன்றன் பெட்டி மற்றொன்றில் ஓட இயலவில்லை. புனலூர்–செங்கோட்டைப் பகுதியும் 2018-இல் அகலமான பின்னரே அக்குறை முற்றும் நீங்கிற்று. பாதையின் அகலம் மட்டுமே பொதுவாயிற்று. வண்டிகள் தத்தம் இயல்பில் ஓடுகின்றன. மின்னூலகங்களும் தத்தம் தனித்தன்மையை இழக்க வேண்டுவதில்லை.

எனினும் பிறர் வகுத்ததை அப்படியே ஏற்பதும் போதாது. சீவக சிந்தாமணியின் 1887-ஆம் ஆண்டுப் பதிப்பில் திருத்தக்கதேவர் நூலாசிரியர், நச்சினார்க்கினியர் உரையாசிரியர், உ.வே. சாமிநாதையர் பதிப்பாசிரியர். சுவடியாயின் ஏடெழுதியவரும் ஏடு உடையவரும் சேர்வர். டப்ளின் கோரின் அடிப்படைக் கூறுகளில் இவர்கள் அனைவரும் ஆக்கியோன், பங்களித்தோர் என இரண்டே கட்டங்களில் அடங்க வேண்டும். உரைமரபின் முதன்மையை அறிந்தவர்களே இக்கட்டங்களை உட்பிரிவு செய்ய வல்லார். சுந்தரம் பிள்ளை இந்நகரிலிருந்தே நூற்றொகை விளக்கம் எழுதி அறிவுத்துறைகளை வகைப்படுத்த முனைந்தார். சீர்காழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் 1933-இல் கோலன் பகுப்பு முறையை உலகிற்கு அளித்தார். எனவே இப்பணி நமக்குப் புதியதன்று.

செய்யத்தக்கன

தமிழ்த்துறைகள் கூடி உடன்பட்டு மேற்கொள்ளத்தக்கனவாக ஆறு கருத்துகளை முன்வைக்கின்றேன்.

1. மொழி, எழுத்து, கிடைத்த இடம், இருக்கும் இடம் ஆகியவற்றைத் தனித்தனியே குறித்தல்.

2. ஆசிரியர், ஊர் ஆகியவற்றின் எல்லாப் பெயர்வடிவங்களையும் ஓர் அடையாள எண்ணோடு இணைத்தல்.

3. மூல ஆண்டுக் குறிப்பையும் கணக்கிட்ட ஆண்டெல்லையையும் சேர்த்தே எழுதுதல்.

4. நூலாசிரியர், உரையாசிரியர், பதிப்பாசிரியர், ஏடெழுதியவர் ஆகியோரை வேறுபடுத்துதல்.

5. சுவடியின் முதலடியையும் இறுதியடியையும் பதிதல். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் பழைய விளக்க அட்டவணைகள் பின்பற்றிய முறை இதுவே. நூற்பெயர் மாறினும் முதலடியைக்கொண்டு படிகளை இனங்காணலாம். என் மாணவி தேடிய பாடலுக்கு முதலடி பதிவாகியிருப்பின், நூற்பெயரும் மொழிக் குறிப்பும் மாறியிருந்தும் அது கிடைத்திருக்கும்.

6. படங்களை வெளியிட இயலாத நூலகங்களும் பட்டியலை மட்டுமாவது தடையின்றி வெளியிடுதல்.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் தேவையில்லை. முதுகலை மாணவர் சுவடியியல் பயிற்சியின் பகுதியாகவே இக்குறிப்புகளை எழுதப் பழகலாம். மீத்தரவு செம்மையாக இல்லாதபோது நேர்வதற்கு இந்திய மின்னியல் நூலகத் திட்டம் சான்று. அதன் தளம் இயங்காது போன பின்னும் அதன் நூற்படங்கள் பல இணைய ஆவணகத்தில் வாழ்கின்றன. ஆனால் தமிழ்த் தலைப்புகளை நெறியின்றி ஆங்கில எழுத்தில் எழுதிய குறிப்புகளும் அவற்றோடு வாழ்கின்றன. படம் பிழைத்தும் நூல் மறைந்துகிடக்கின்றது.

முடிவுரை

மின்னுருவாக்கத்திற்கு நாம் செலவிடும் உழைப்பின் பயன், அந்நூலைத் தேடி வருபவர் அதனைக் கண்டடைவதில்தான் உள்ளது. மொழி, எழுத்து, பெயர், ஆண்டு, உரைமரபு பற்றிய வினாக்கள் தமிழாய்வின் வினாக்களேயாம். அவற்றைக் கணிப்பொறியாளரிடம் விட்டுவிட்டுப் பின்னர்க் குறைகூறுதல் தகாது. நாடளாவிய உடன்பாட்டுக்குக் காலம் ஆகலாம். அதுவரை காத்திராமல், எல்லைக்கு இருபுறமும் உள்ள திருவனந்தபுரம், நாகர்கோயில், திருநெல்வேலி ஆகிய ஊர்களின் தமிழ்த்துறைகள் தத்தம் நூலகத்திலுள்ள சுவடிகளில் நூற்றுக்கு மட்டுமேனும் மேற்கூறிய முறையில் குறிப்பெழுதி, பரிமாறிக்கொண்டு பார்க்கலாம். குறைச்சுவடி ஒன்றன் இறுதி ஏடுகள் அடுத்த ஊரின் பட்டியலில் வேறு பெயரோடு காத்திருக்கக்கூடும்.